சுழலாமல் வரும் பந்து

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் சாதாரண தரம் வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைச் சாமான் பட்டியல்களும் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் விசாவுக்கு நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்களும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்ட நான் பேஸ்போல் விளையாட்டில் ஒருத்தி எப்படி எறிகிறாள், எங்கே பலம், எங்கே பலவீனம் என்று எழுத வெளிக்கிட்டது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் அந்தப் பந்தை ஒரு வருடத்துக்கு மேலாக, கிழமையில் ஐந்து நாள், நேர் எதிரே குந்தியிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். கண்டதை எழுதுகிறேன். விளையாட்டுத் தெரிந்தவர்கள் பிழை பொறுக்க வேண்டும்.

எறிகிறவள் என் மகள். பதினான்கு வயது. இத்தாலியில், இந்தப் பலெர்மோவிலேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்துக்கு ஆள் சேர்க்க வந்த ஒரு சின்னக் கழகத்தில், பெடியளும் பெட்டையளும் கலந்து விளையாடும் அணியில், தானாகவே பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். என் கணவர் கிரிக்கெட் பைத்தியம். பொலிதேயாமாப் பக்கம் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். மகள் பேஸ்போல் என்றதும், "பந்து குத்தி எழும்பாத விளையாட்டும் ஒரு விளையாட்டோ?" என்றார். ஆனாலும் முதல் சப்பாத்தை அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

மகளுக்குச் சின்னக் கை. வேகமாக எறிய வராது. அணியில் அவளைவிட இரண்டு வயது குறைந்த பெடியள் அவளைவிட வேகமாக எறிந்தார்கள். அப்போதுதான் தொலைபேசியில் ஏதோ வீடியோவைப் பார்த்து நக்கிள்போல் என்பதைப் பழகத் தொடங்கினாள். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நக நுனியையும் பந்தின் தோலில் ஊன்றிப் பெருவிரலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். நக்கிள் என்றால் விரல் மொளியாம், அது மேலே தெரிவதால்தான் அந்தப் பெயர். எறியும்போது விரலால் சுழற்றக் கூடாது. தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பழக ஒரு ஆள் வேண்டும். தகப்பன் பின்னேரங்களில் வேலையில் நிற்பார். நான் லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது ஒரு இத்தாலிய அம்மா, வீட்டில் வேலை முடித்து நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன். நாங்கள் இருப்பது ஒரேத்தோத் தெருவில், ஐந்து மாடிக் கட்டடம். உடுப்புக் காயப் போடும் மொட்டைமாடி நல்ல நீளம். "அம்மா, நீங்கள் குந்தியிருந்து பிடிச்சால் காணும்" என்றாள்.

குந்தியிருப்பது எனக்கு வேலையே இல்லை. சிஞ்ஞோரா நீளத் தடி வைத்த துடைப்பம் வாங்கித் தந்த பிறகும் நான் குந்தியிருந்துதான் நிலம் துடைக்கிறேன். அப்போதுதான் மூலையில் இருக்கும் ஊத்தை கண்ணில் படும். குதி இரண்டும் நிலத்தில் பட ஒரு மணித்தியாலம் இருப்பேன். ஆகவே கையில் ஒரு பழைய சோபாத் தலையணையைக் கட்டிக்கொண்டு குந்தினேன்.

முதல் சில கிழமைகள் ஒன்றுமில்லை. பந்து சோம்பலாகச் சுழன்று வந்து தலையணையில் விழும். ஒருநாள் பின்னேரம், மாசி மாதக் குளிர், எனக்குப் பின்னால் யாருடையவோ போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் எறிந்தாள். பந்து வருகிறது. அதன் சிவப்புத் தையல் எனக்குத் தெரிகிறது. ஒவ்வொரு தையலாக எண்ணலாம் போலிருந்தது. பந்து சுழலவேயில்லை. எறிந்த பொருள் ஒன்று இப்படிச் சும்மா, முகத்தைக் காட்டிக்கொண்டு வருவதை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. கண்ணை எடுக்க முடியவில்லை. கிட்ட வந்ததும் அது இடப்பக்கம் ஒரு சாண் விலகி, பிறகு என்ன நினைத்ததோ, கீழே விழுந்து என் தோள் எலும்பில் பட்டது.

"ஐயோ, அம்மா! நோகுதோ?" என்று ஓடிவந்தாள்.

நோவில் உயிர் போனது. ஆனால் என் வாயில் வந்தது, "திருப்பி எறி பிள்ளை, பாப்பம்" என்பதுதான்.

அன்றிலிருந்து நான் அந்தப் பந்துக்கு அடிமை. வேலை செய்யும்போதும் பேருந்தில் வரும்போதும் அதுதான் மனதில். பிடிக்காமல் விட்ட பந்துகள் பின்னால் போர்வைகளில் பட, மூன்றாம் மாடிக்காரி ஏறிவந்து சத்தம் போட்டாள். அவளுடைய வெள்ளைப் போர்வையில் வட்ட வட்டமாக அடையாளம். என் மகள் சிசிலிப் பேச்சில் அவளுக்கு ஏதோ சொன்னாள். அவள் சிரித்துவிட்டுப் போய், அடுத்த நாள் ஒரு பழைய கம்பளத்தைக் கொண்டுவந்து எங்களுக்காகக் கொடியில் தொங்கவிட்டாள்.

ஒரு வருடத்தில் நான் கண்டவை இவை. காற்று அவள் முகத்தில் அடித்தால் பந்து நன்றாக ஆடும். முதுகில் அடித்தால் செத்துப்போகும். பந்து ஒரே ஒரு தடவை மெல்லச் சுழன்று வந்தால் பரவாயில்லை. மூன்று தடவை சுழன்றால் அது வெறும் மெதுவான பந்து, சின்னப் பிள்ளையும் அடிக்கும். நகம் ஒன்று உடைந்தால் இரண்டு கிழமைக்கு எறிய முடியாது. முதல் பத்துப் பந்துக்கு விரல் தன் இடத்தைத் தேடும். அதுவரை அவசரப்படுத்தக் கூடாது. அதன் பிறகு கை களைக்காது. மற்றவர்கள் நாற்பது பந்தில் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவள் நூறு எறிந்துவிட்டு வந்து புட்டு அவிப்பாள். பந்து எங்கே போகும் என்று அடிக்கிறவனுக்குத் தெரியாது, பிடிக்கிறவளுக்குத் தெரியாது, எறிகிறவளுக்கே தெரியாது. அதுதான் பெரிய பலம். பெரிய பலவீனமும் அதுதான்.

கழகத்தின் பயிற்சியாளர் பகலில் பேருந்து ஓட்டுகிறவர். பிள்ளைகள் அவரை மிஸ்டர் என்பார்கள். நல்ல மனிதர். ஆனால் இந்தப் பந்தை அவர் நம்பவில்லை. வேகமாக எறியும் உயரமான பெடியன்தான் எப்போதும் ஆட்டத்தைத் தொடங்குவான். அவன் களைத்து, எதிரணியின் ஆட்கள் ஓட்டம் எடுக்கக் காத்து இரண்டு மூன்று தளங்களில் ஏறி நிற்கும்போதுதான் இவளைக் கூப்பிடுவார். இரண்டு ஆட்டங்களில் அப்படிக் கூப்பிட்டார். இரண்டிலும் பந்து நன்றாகத்தான் ஆடியது. அடிக்கிறவன் காற்றை அடித்தான். ஆனால் எங்கள் அணியில் பிடிக்கிற பிள்ளையும் காற்றைத்தான் பிடித்தான். பந்து பின்னால் உருண்டோட, தளத்தில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து ஓட்டங்கள் எடுத்தார்கள்.

இரண்டாம் ஆட்டம் முடிந்து வரும் வழியில் மகள் சொன்னாள்: "அம்மா, மிஸ்டர் என்னைக் கடைசியிலை, தூரத்திலை நிக்கச் சொல்லப்போறாராம். இனி எறிய வேண்டாமாம். பஸ்தா, போதும். நான் இனி வரேல்லை."

ஓரிடத்துக்கு இனி வரமாட்டேன் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. தூரத்தில் நின்று பந்து பொறுக்க அவள் அங்கே போகவில்லை.

புதன்கிழமை பயிற்சிக்கு நானும் போனேன். சொல்லவேண்டியதை இத்தாலிய மொழியில் பேருந்திலேயே பாடமாக்கிக்கொண்டேன். பயிற்சியாளர் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"சொல்லுங்கோ, சிஞ்ஞோரா" என்றார். அவர் கதைத்தது எங்கள் தமிழ் இல்லைதான். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன். நான் வேலை செய்யும் வீட்டுக்காரியைத்தான் நான் சிஞ்ஞோரா என்பேன். என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

பாடமாக்கியது மறந்துபோயிற்று. வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஆக்கள் தளத்திலை நிக்கேக்கை அவளைக் கூப்பிடாதேங்கோ. அவளின்ர பந்து தவறும். தவறினால் அவங்கள் ஓடுவாங்கள். தொடக்கத்திலை கூப்பிடுங்கோ. அப்ப தளம் எல்லாம் வெறுமையா இருக்கும். தவறினாலும் ஓட ஆள் இல்லை."

அவர் பையைக் கீழே வைத்தார். "இதை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான் பிடிக்கிறன்."

"நீங்களோ? எதாலை?"

"தலையணையாலை."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், பிடிக்கிறவர்கள் போடும் பெரிய கையுறை ஒன்றை எடுத்துவந்து என் கையில் தந்தார். மகளைக் கூப்பிட்டார். நான் பாவாடையைச் செருகிக்கொண்டு குந்தினேன். அவள் பதினைந்து பந்து எறிந்தாள். நான் மூன்றைத் தவறவிட்டேன். பிறகு அவர் தான் குந்துவதாகச் சொல்லிக் குந்தினார். முழங்கால் இரண்டும் முறிந்த மாதிரிச் சத்தம் போட்டன. ஏழாவது பந்து அவருடைய தாடையில் பட்டது.

"மாதொன்னா!" என்று இருந்துகொண்டே என் குதிகால்களைப் பார்த்தார். "நீங்கள் இப்பிடி எவ்வளவு நேரம் இருப்பீங்கள்?"

"நிலம் துடைச்சு முடியுமட்டும்" என்றேன்.

எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு மகளிடம் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை நீ பார்தெந்தே. தொடங்குறது நீதான். ஒரே ஒரு ஆட்டம். அதைப் பாத்து முடிவெடுப்பம்."

சனிக்கிழமைப் பின்னேரமே பூசைக்குப் போய் வந்துவிட்டோம். ஞாயிறு காலை விடியும்போதே ஷிரொக்கோக் காற்று. அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரிச் சூடு. மகள் கண்ணாடிக்கு முன்னால் தலைமயிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தொப்பி நிற்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவள் என்னைத் தன் தலையைத் தொட விட்டதில்லை. எண்ணெய் மணக்குது என்று பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுகிறார்களாம். அன்றைக்குத் தானாக வந்து எனக்கு முன்னால் இருந்து, "இறுக்கிப் பின்னிவிடுங்கோ அம்மா" என்றாள். இந்தச் சூட்டில் பிள்ளை வெயிலில் நிற்கப்போகிறது என்று, உச்சி குளிரக் குளிரத் தேங்காயெண்ணெய் வைத்து, நன்றாகத் தேய்த்து, இரட்டைப் பின்னல் பின்னிவிட்டேன். அவளும் அதற்கு மேல் தொப்பியை இறுக்கிப் போட்டுக்கொண்டாள்.

ஒவ்வொரு பந்தும் எறிவதற்கு முன் வலது கையால் பிடரியைத் துடைத்துக்கொள்வது அவளுடைய பழக்கம். ஒரு வருடமாக அதை நேரே இருந்து பார்த்தவள் நான். அந்த நேரம் அது எனக்கு நினைவில் வரவேயில்லை.

முதல் சுற்றில் அவள் எறிந்ததை என்னால் எழுத முடியுமோ தெரியவில்லை. நான் வலைக்குப் பின்னால், அவளுக்கு நேரே குந்தியிருந்தேன். பந்து மிதந்து வந்தது. நின்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு, மேசை விளிம்பிலிருந்து தள்ளிவிட்ட கிண்ணம் போல் விழுந்தது. முதலாமவன் துடுப்பை வீசித் தானே ஒரு சுற்றுச் சுற்றி நின்றான். இரண்டாமவன் பந்தைத் தேடி முன்னால் குனிந்துகொண்டே போனான்.

"எடேய், அடியடா! கும்பிடாதை!" என்று என் கணவர் தமிழில் கத்தினார். அன்றைக்குக் காலை வேலையை இன்னொருவரிடம் மாற்றிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். மூன்றாமவன் வெளியேறும்போது எங்கள் அணிப் பிடிக்கிற பிள்ளையிடம், "அது என்ன?" என்று கேட்டான். "எனக்கும் தெரியாது" என்றான் அவன். இரண்டாம் சுற்றிலும் அப்படியே. மொட்டைமாடியில் ஆடியதைவிட அதிகமாக ஆடியது. இவள் என் வயிற்றில் இருந்தவளோ என்றுகூட நினைத்தேன். பெருமையில் நான் காரணம் தேடவில்லை.

மூன்றாம் சுற்றின் தொடக்கத்தில் நடுவர் கையை உயர்த்தினார். கண்ணாடி போட்ட, கண்டிப்பான ஒரு பெண். பந்தை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பளபளத்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். எதிரணிப் பயிற்சியாளர் ஓடிவந்து, பந்தில் ஏதோ பூசியிருக்கிறாள், இது களவு, வெளியே அனுப்புங்கள் என்று கத்தினார். அந்த விளையாட்டில் பந்தில் எதையும் பூசுவது பெரிய குற்றம் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். வழுக்குகிற விரலால் எறிந்தால் பந்து சுழலாதாம். சிலர் அதற்காகவே களவாகப் பூசுவார்களாம். நடுவர் மகளின் கையைப் பிடித்துப் பார்த்தார். அவள் ஒன்றும் விளங்காமல் நின்றாள். பிறகு தன் கையைத் தானே மணந்தாள். உடனே, வலைக்குப் பின்னால் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. வலைக் கதவைத் திறந்துகொண்டு, அத்தனை பேரும் பார்க்க, அந்தச் செம்மண்ணில் நடந்து போனேன். "நான்தான்" என்றேன். "தலைக்கு எண்ணெய். நான் வைச்சது. சூட்டுக்கு. எங்கட ஆக்கள் வைக்கிறது." என் மகளின் தொப்பியை நானே கழற்றி, நடுவருக்கு முன்னால் அவளுடைய தலையைக் குனியப்பிடித்தேன். நடுவர் ஒரு பின்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை மணந்தார்.

"கொக்கோ" என்றார், தேங்காய் என்று. எதிரணிப் பயிற்சியாளர் மறுபடி கத்தத் தொடங்க, அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் சொன்னார்: "பத்து நிமிஷம். கழுவிக்கொண்டு வாங்கோ. இன்னொரு பந்து மினுங்கினால் வெளியிலை அனுப்புவன்."

உடுப்பு மாற்றும் அறைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய். தேநீர்க்கடைக்காரனிடம் கோப்பை கழுவும் சவர்க்காரத்தை வாங்கிவந்து, அவளைக் குனியவைத்து, பின்னலை அவிழ்த்துத் தலையையும் கைகளையும் தேய்த்தேன். நுரைக்குள்ளிருந்து அவளுடைய குரல் வந்தது.

"அம்மா. இவ்வளவு நேரமும் ஆடினது என்ர பந்தோ, உங்கட எண்ணெயோ?"

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"சொல்லுங்கோவன்! நீங்கள்தானே பிடிக்கிறனீங்கள். உங்களுக்குத்தானே தெரியும்!"

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பந்து விஷயத்தில் நான் அவளுக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. "போய் எறிஞ்சு பார். பாத்துச் சொல்லுறன்."

ஈரத் தலையைத் துவாயால் முறுக்கிக் கட்டி, அதற்கு மேல் தொப்பியை வைத்துக்கொண்டு போனாள். சவர்க்காரத்தில் ஊறி விரல் மெத்தென்றிருந்திருக்க வேண்டும். முதல் பந்து சுழன்று வந்தது. தையல்கள் சுற்றுவதை வலைக்குப் பின்னாலிருந்தே கண்டேன். அடிக்கிறவன் அதை வெகு தூரத்துக்கு அடித்தான். அடுத்ததும் அப்படியே. இரண்டு ஓட்டம், பிறகு இன்னொன்று. உயரமான பெடியன் கையைச் சுழற்றித் தயாராகிக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் அவளை மாற்ற வெளிக்கிட்டு, மைதானத்துக்கு ஏறும் படியில் ஒரு காலை வைத்தார்.

மகள் குனிந்து இரண்டு விரலையும் மண்ணில் புரட்டினாள். காற்சட்டையில் துடைத்தாள். மறுபடி புரட்டினாள். முதல் பத்துப் பந்து விரல் தேடுகிற நேரம் என்று நான் பயிற்சியாளருக்குச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அங்கிருந்து கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயிற்சியாளர் படியில் வைத்த கால் அப்படியே இருந்தது. அவள் எறிந்தாள்.

பந்து சுழலவில்லை.

வெறும் பந்து, வெறும் விரல். தையலெல்லாம் தெரிய, என்னைப் பார்த்தபடி வந்தது. எண்ணெயில் ஆடியதைப் போல் அவ்வளவு பெரிதாக ஆடவில்லை. கடைசி ஒரு முழத்தில் மட்டும், யாரோ கூப்பிட்ட மாதிரி, வலப்பக்கம் திரும்பிக் கீழே இறங்கியது. அடுத்ததாக அடிக்க நின்ற பெடியன் அதைத் தொடவில்லை. தன் துடுப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். நான் குந்திய இடத்திலிருந்து எழும்பி நின்றுவிட்டேன். அவள் எனக்கு நேரே பார்த்தாள். எனக்குக் கத்த வராது. தலையை மட்டும் ஆட்டினேன். இது உன்னுடையது.

ஆறாம் சுற்று முடியுமட்டும் அவளே எறிந்தாள். பயிற்சியாளர் படியிலிருந்து காலை எடுத்துவிட்டார். கடைசியில் ஒரு ஓட்டத்தால் தோற்றோம். எங்கள் பிடிக்கிற பிள்ளை தவறவிட்ட ஒரு பந்தில்தான் அந்த ஓட்டம் போயிற்று. அவன் அழுதான். மகள் போய் அவனுடைய தலைக் கவசத்தில் தட்டி, "என்ர அம்மாவே மூண்டு விடுவா" என்று இத்தாலிய மொழியில் சொன்னாள்.

மறுநாள் திங்கட்கிழமை. மகள் பள்ளிக்கூடம் போனாள். நான் எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன். மத்தியானம் பயிற்சியாளரிடமிருந்து தொலைபேசிக்குச் செய்தி வந்திருந்தது: வரும் ஞாயிறும் அவளே தொடங்குகிறாள், ஒன்பது மணிக்கு மைதானத்துக்கு வரவும்.